ஏழாம் எண் விரிசல்

சுவர் பார்ப்பது என் வேலை. சும்மா வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதில்லை, அளந்து பார்ப்பது. ஒரு பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் யாராவது பெரிய பள்ளம் தோண்டினால், பழைய கட்டடத்தின் விரிசல்கள் அகலமாகின்றனவா என்று வாரா வாரம் போய் அளந்து எழுத வேண்டும். வேலைத்தளங்களில் என்னை விரிசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால், என்னை அக்கா என்று கூப்பிட வேறு யாரும் இல்லை. விட்டுவிட்டேன்.

எனக்கென்று ஒரு அக்கா இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிடும், வைத்துவிடுவாள். வருடக்கணக்காக நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. குறை சொல்லவில்லை. அவளுக்குக் குடும்பம் இருக்கிறது, எனக்கு வாடகைக்கு ஒரு அறையும் ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நான் சொல்ல வந்த கட்டடம் மூன்று மாடி. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரத்தளம். இடிக்கவே கூடாது என்று சட்டப்படி வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பக்கத்து மனைக்கு அப்படிப் பலகை எதுவும் இல்லாததால், அங்கே வானத்தை முட்ட ஒரு கட்டடம் எழுப்புவதற்காகத் தரைக்குக் கீழே நாலு தளத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அவ்வளவு மண்ணை எடுத்தால் பழைய சுவருக்குக் கால் தடுமாறும். அதனால் பள்ளத்தின் ஓரம் நெடுக இரும்புத் தகடுகளை அடித்து இறக்கியிருந்தார்கள். நடுவில் இருந்த சந்தில் பெரிய மர உத்தரங்களைச் சுவர்மீது சாய்த்து, அடியில் கனமான பலகை போட்டு, ஆப்பு அடித்து இறுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்யும் மேஸ்திரி பெரிய வாயாடி. அடுத்தவன் நல்லாயிருக்கணும்னு ஆப்பு வைக்கிற ஒரே ஆள் தான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கட்டடத்தில் குடியிருந்தவர்கள் எல்லாரும் கட்டுமானக் கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இரண்டாம் மாடியில் ஒருவர் மட்டும் அசையவில்லை. தெருமுனையில் வெகுகாலம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகும் தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர்தான். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, சட்டைப்பையில் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்குகிற பொடிசான ஒரு திருப்புளி. மனைவி காலமாகி ரொம்ப நாளாயிற்று. ஒரே மகள் நகரத்தின் மறுகோடியில் இருந்தாள்.

அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள யாருக்கும் மனசில்லை. எஞ்சினியர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அளவுகள் கட்டுக்குள் இருக்கும்வரை இருந்துகொள்ளலாம் என்று சொன்னார். நிபந்தனை இரண்டு. விரிசலை அளக்கச் சுவரில் வைக்கிற அளவிகளைத் தொடக் கூடாது. எந்த விரிசலாவது சிவப்பு எல்லையைத் தொட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும், வாதம் செய்யக் கூடாது. கண்ணாடிக்காரர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆக, அவர் அந்த வீட்டில் இருப்பதும் போவதும் நான் எழுதும் எண்ணில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

கட்டடம் முழுக்க விரிசல்களுக்கு எண் கொடுத்திருந்தோம். ஏழாம் எண் அவருடைய முன்னறையில், ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரைவரை கோணலாகப் போனது. அதன் இரு பக்கமும், பக்கத்துக்கு ஒன்றாகத் திருகிய, ஊடே பார்க்கக்கூடிய இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்று படிந்த மாதிரி. கீழ்த்தகட்டில் மஞ்சள், சிவப்பு எல்லைகள் குறித்த பொடிக்கட்டங்கள், மேல்தகட்டில் சிவப்பில் ஒரு கூட்டல் குறி. சுவர் நகர்ந்தால் கூட்டல் குறி கட்டங்களின்மேல் நகரும். அவ்வளவுதான் சூட்சுமம். தகட்டின்மேல் முழு நம்பிக்கை வைக்கக் கூடாது என்பதற்காகப் பக்கத்திலேயே இரண்டு பித்தளைக் குமிழ்களையும் சுவரில் பதித்திருந்தோம். தகடு போன வாரத்தைவிட ஒரு இழை மாறியிருந்தாலும், அந்தக் குமிழ்களுக்கு நடுவிலிருக்கும் தூரத்தை வெர்னியர் என்கிற நுண்ணளவுகோல் வைத்து மூன்று தடவை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அதற்கு முன் குமிழ்களைத் துடைக்க வேண்டும், அளவுகோல் அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். தகடு மாறாவிட்டால் இரண்டு நிமிட வேலை. மாறினால் ஒரு மணி நேரம் பிடிக்கும்.

முதல் செவ்வாய்க்கிழமை கதவைக் கொஞ்சமாகத் திறந்து பாதி முகத்தை மட்டும் காட்டினார். நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். தலைக்கவசத்தையும் ஏணியையும் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். இரண்டாவது செவ்வாய் டீ போட்டார். மூன்றாவது செவ்வாய் நான் போகும்போதே டீ ஆறிக்கொண்டிருந்தது, நான் தாமதமாக வந்துவிட்டேனாம். நாலாவது செவ்வாய் ஏழாம் எண் எவ்வளவு என்று என்னை முந்திக்கொண்டு அவரே சொன்னார். நாற்காலியில் ஏறிப் பார்த்திருக்கிறார், சரியாகத்தான் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் அல்லவா, பொடியெழுத்து அவருக்குப் பழக்கம்.

அறையில் பார்க்க ஒன்றுமில்லை. கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு பெட்டி நிறைய யாரும் வாங்க வராத கண்ணாடிச் சட்டங்கள். அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். டீ தம்ளர் மட்டும் இரண்டு. என் அறையிலும் ஒரு தட்டுதான் கழுவிக் கவிழ்த்திருக்கும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கீழ்மாடியில் ஆள் இருந்த காலத்தில் இருமினால்கூட யாராவது கதவைத் தட்டுவார்களாம். இப்போது இருமினால் மாடிப்படிதான் திருப்பி இருமுகிறது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், ஏழாம் எண் தகடு திடீரென்று மஞ்சள் எல்லையைத் தாண்டியிருந்தது. மஞ்சள் என்றால் கவனி என்று அர்த்தம். வாரம் ஒரு தடவை போனவள் இனி தினமும் போக வேண்டும். எனக்கு அன்றைக்கு இன்னும் எட்டு விரிசல் பாக்கி, வெர்னியரும் வண்டியில் கிடந்தது. தகட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு ஆபீசுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். மறுநாள் போனால் கண்ணாடிக்காரர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். மேஜையில் ஒரு தட்டில் பிஸ்கட். சுவர் சாயப்போகிறது என்று சொல்லப்பட்ட மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஏணியில் ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். தகட்டைச் சுவரோடு பிடித்திருந்த திருகாணிகளின் தலையில் புதுக் கீறல்கள். வெர்னியர் எடுத்துக் குமிழ்களை அளந்தேன். மூன்று தடவையும் அதே பழைய எண். சுவர் ஒரு இம்மியும் நகரவில்லை. கீழே குனிந்து பார்த்தால் கண்ணாடிக்காரர் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார், சட்டைப்பையில் அந்தத் திருப்புளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையும் களவுமாக என்பார்களே, அதற்கு ஒரு படிதான் குறைவு.

சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரைக் காலி செய்ய வைத்திருப்பார்கள். அளவிகளைத் தொட மாட்டேன் என்பதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் ஆபீசில் திருகாணி தளர்ந்துவிட்டது, சரிசெய்துவிட்டேன் என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. திருகாணி தளர்ந்துதான் இருந்தது. அவரிடம் மட்டும், சிவப்பைத் தொட்டால் என்னை அனுப்ப மாட்டார்கள், சாமான் ஏற்ற லாரியைத்தான் அனுப்புவார்கள் என்று போகிறபோக்கில் சொல்லி வைத்தேன். அப்படியா என்று பால் குடிக்கிற குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

புத்திசாலி. அதற்குப் பிறகு மஞ்சள் பக்கம் போகவேயில்லை. வாராவாரம் ஒரே ஒரு இழை மட்டும் நகர்த்தி வைப்பார். ஒரு இழை மாறினால் வெர்னியர் எடுக்க வேண்டும், மூன்று தடவை அளக்க வேண்டும், ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். நான் குமிழ்களை அளந்து நிஜ எண்ணை எழுதிக்கொள்வேன், தகட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தி முடுக்குவேன். அவருக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நகர்ந்திருக்கு சார் என்பேன். அப்படியா, எனக்குத் தெரியவே தெரியாதே என்று நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார்.

அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. கண்ணாடி போட வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தூரம் தெரியவில்லையா கிட்டம் தெரியவில்லையா என்று சொல்லிவிடுவாராம். எனக்கு என்ன தெரியவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்களுக்கு ரெண்டும் தெரியுது, பாக்கத்தான் ஆளில்லை என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் வாயைக் கிழித்திருப்பேன். அவரிடம் இன்னொரு தம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

எனக்குச் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்கிற பழக்கம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திங்கள்கிழமை மாலையே நல்ல சட்டையாக எடுத்து வைத்துவிடுவேன். ஏணியில் ஏறித் தூசியைத் துடைக்கிற வேலைக்கு எவளாவது அப்படிச் செய்வாளா.

ஒரு வாரம் எனக்கும் விளையாட்டுப் புத்தி வந்தது. அக்கா மகள் கல்யாணத்தில் யாரோ கொடுத்த நெயில் பாலிஷ் புட்டி ஒன்று திறக்காமலே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், தகட்டை முடுக்கிய பிறகு திருகாணித் தலையும் தகடும் சேருகிற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்துவிட்டு வந்தேன். காய்ந்த பிறகு திருகாணியைத் திருகினால் சொட்டு உடைந்துவிடும். அடுத்த வாரம் உடைந்த சொட்டைக் காட்டி, இப்போ என்ன சொல்றீங்க என்று கேட்டு அவர் முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. பள்ளத்தில் தண்ணீர் ஊறி, அதை இறைக்க இரண்டு பெரிய பம்புகள் போட்டிருந்தார்கள். இடைவிடாத உறுமல். மண்ணுக்குள் இருக்கிற தண்ணீரை இப்படி உறிஞ்சினால் சுற்றுவட்டாரத் தரை அமுங்கும். அது எனக்குத் தெரியும், என் வேலையே அதுதான். இருந்தும் அன்றைக்கு மாடிப்படி ஏறும்போது என் நினைப்பெல்லாம் அந்த நெயில் பாலிஷ் சொட்டில்தான் இருந்தது.

கதவு உடனே திறக்கவில்லை. உள்ளிருந்து அவர் இழுத்தார், வெளியிலிருந்து நான் தள்ளினேன். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று நினைத்தேன். ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டல் குறி மஞ்சளையெல்லாம் தாண்டி, சிவப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. மனுஷனுக்கு ஒரு மணி நேரம் போதவில்லை போலிருக்கிறது, தினமும் வரவழைக்கப் பார்க்கிறார், கை தவறிக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டார். இந்தத் தடவை ரொம்பத்தான் ஆசைப்பட்டுவிட்டீர்கள் சார் என்றேன், திரும்பிப் பார்க்காமலே.

"ஆமாம்மா. நான்தான்."

நான் சிரித்துக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கி, டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் அவர் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. நெற்றிக் கண்ணாடியை இறக்கி, அப்படியா என்று கேட்கிற ஆள், கேட்ட மாத்திரத்தில் ஆமாம் என்கிறார். அவர் உட்காரவும் இல்லை. ஜன்னலுக்கும் ஏணிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தம்ளரை வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். நாலு திருகாணி, நாலு சொட்டு. ஒன்றுகூட உடையவில்லை. வைத்தபடி பளபளவென்று இருந்தன.

"ஸ்க்ரூவைத் தொடாம எப்படி சார் நகர்த்துனீங்க?"

நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். அவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். நான் விழாமல் இருப்பதற்காக இல்லை.

"எப்பவும் போல பழைய நம்பரை எழுதிட்டுப் போங்கம்மா. இத்தனை நாள் எழுதலையா? இன்னைக்கு மட்டும் என்ன?"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாள் நான் எழுதியது நிஜ எண், அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. விடியற்காலையிலேயே அவர் பார்த்துவிட்டிருக்கிறார். கதவு இறுகியதும், மேலேயிருந்து சுண்ணாம்பு உதிர்ந்ததும் அவருக்குப் புரிந்திருக்கிறது. பார்த்துவிட்டு, கீழே விழுந்த தூளைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டு, எனக்காக டீ போட்டு வைத்திருக்கிறார்.

நான் அளந்தேன். முதல் தடவையை நம்பாமல் மறுபடி மூன்று தடவை அளந்தேன். எங்கேயாவது குறையாதா என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொண்டது. என் வேலையில் இத்தனை வருடத்தில் ஒரு எண் பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். அவர் கையால் நகர்ந்ததாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மூன்று எண்ணும் சிவப்பு. கீழே இறங்கி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அவர் முன்னாலேயே எஞ்சினியருக்குப் போன் செய்தேன். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். அது இன்னும் கேவலமாக எனக்குப் பட்டது.

போன் வைத்த கொஞ்ச நேரத்தில் பம்புகள் நின்றன. பள்ளம் தோண்டும் இயந்திரங்கள் நின்றன. அந்தத் தெருவில் நான் அமைதியைக் கேட்டது அப்போதுதான். அந்த அமைதியில் சுவருக்குள் எங்கேயோ மணல் சரசரவென்று இறங்குகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. கண்ணாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, காலுக்கு நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். உயிர் பெரிசா வீடு பெரிசா என்று கேட்கத்தான் எல்லாருக்கும் வரும், எனக்கும் அதுதான் வந்தது. கேட்காமல் விழுங்கிக்கொண்டேன்.

மேஸ்திரி ஆட்களோடு வந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. கட்டிலைப் பிரித்தார்கள், மேஜையை நகர்த்தினார்கள், தரைப்பலகைகளைப் பெயர்த்தார்கள். கட்டில் இருந்த இடத்தில் இரும்புத் தூண்களை நட்டு, கூரையின் உத்தரத்துக்கு அடியில் குறுக்குச்சட்டம் கொடுத்து, திருகித் திருகி ஏற்றினார்கள். ஒரேயடியாக இறுக்கினால் தாங்குவதற்குப் பதிலாகச் சுவரைத் தூக்கிப் பிளந்துவிடும். அதனால் ஒரு தூணில் கால் திருகு, அடுத்ததில் கால் திருகு என்று வலம்வந்தபடியே இருந்தார்கள். நான் ஏணியில் நின்று எண் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் வந்தாள். அவளைப் பற்றி நான் மனசுக்குள் ஏதேதோ கற்பனை செய்து வைத்திருந்தேன். பார்த்தால், ஆபீசிலிருந்து அப்படியே ஓடிவந்த, செருப்பு அறுந்த, களைத்துப்போன ஒரு பெண். அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனை வருஷமாகக் கெஞ்சுகிறேன் தெரியுமா என்று என்னிடம் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு அப்பாவின் மருந்துகளை ஒரு பையில் போட்டாள். அவர் கண்ணாடிச் சட்டங்கள் இருந்த பெட்டியை மட்டும் தானே தூக்கிக்கொண்டார். படியிறங்கும்போது மகள் ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். ஏணியில் நின்ற என்னை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

முட்டுகள் பிடித்துக்கொண்டன. பள்ளத்தின் ஓரத்தில் இன்னொரு வரிசை இரும்பு இறக்கி, அடித்தளத்துக்கு அடியில் துண்டுதுண்டாகக் கான்கிரீட் போட்டார்கள். சுவர் நின்றுவிட்டது. எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். சரியான நேரத்தில் பார்த்ததால் கட்டடமும் பிழைத்தது, ஆளும் பிழைத்தார் என்றார். ஆபீசில் எல்லாரும் கை தட்டினார்கள். நான் அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போய், விளக்கைப் போடாமல் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆளும் பிழைத்தார் என்ற வார்த்தை காதிலேயே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அறை முழுக்க இரும்புத் தூண்கள். குனிந்து, ஒருக்களித்துப் போய்த்தான் ஏழாம் எண்ணை எட்ட முடிந்தது. நகரவில்லை. இரண்டு நிமிட வேலை. எழுதி முடித்தபோது போன் அடித்தது.

"ஏழாம் நம்பர் எவ்வளவும்மா?"

எண்ணைச் சொன்னேன். ம் என்றார், வைத்துவிட்டார். கோபம் போகவில்லை என்று புரிந்தது. ஆனாலும் அதற்கடுத்த செவ்வாயும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. போகப்போக எண்ணைச் சொன்ன பிறகும் கொஞ்சம் பேசினார். மகள் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், ஆனால் எல்லாரும் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். பன்னிரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் காற்று மட்டும்தான் வருகிறது, ஆள் சத்தம் வருவதில்லை. வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். அது எப்போது என்று கேட்டால் இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்றார்கள். அவர் வயதுக்கு அது எவ்வளவு நீளம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஏழாம் எண் நகரவில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம், நல்லது நல்லது என்பார்.

பிறகு ஆபீசில் ஒரு முடிவெடுத்தார்கள். ஆள் போய் அளப்பது காலத்துக்கு ஒவ்வாதது, இனி எல்லா விரிசலுக்கும் மின்னணு அளவி. சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒயர் இழுத்துவிட்டால், எண் தானாகவே ஆபீஸ் கணினிக்கு வந்துவிடும். என்னை வேறு ஒரு தளத்துக்கு அனுப்பினார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆபீஸ் கணினியைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை, அது வேறு பிரிவு.

அந்தச் செவ்வாயும் போன் வந்தது. நான் வேறெங்கோ, வேறொரு கட்டடத்தின் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். இனி நான் அங்கே போவதில்லை சார் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடித்துவிட்டால் அடுத்த வாரம் அவர் எதற்குப் போன் செய்யப்போகிறார்? போன வாரத்து எண்ணையே சொன்னேன். நல்லது நல்லது என்றார். அன்றிலிருந்து வாராவாரம், நான் பார்க்காத சுவரின் எண்ணை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணில் பொய் சொல்லாதவள் என்று எனக்கு என்மேல் ஒரு கர்வம் இருந்தது. அது போன இடம் தெரியவில்லை.

இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. இப்போது நான் பார்க்கிற கட்டடம் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்தது. பக்கத்தில் சுரங்கப்பாதை போடுகிறார்கள். உள்ளே ஒரு ஈ காக்கை கிடையாது. பெரிய பெரிய வகுப்பறைகள், எல்லாவற்றிலும் முட்டுகள். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது, நானும் வழக்கம்போல எண்ணைச் சொன்னேன். அவர் நல்லது என்று சொல்லவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும் வழியில், மகளிடம் சொல்லி அந்தத் தெரு வழியாகக் காரை விடச் சொன்னாராம். இறங்கவில்லை. காவலாளி மட்டும் கார் பக்கத்தில் வந்து பேசினானாம். உள்ளே பெட்டி வைத்து ஒயர் இழுத்திருக்கிறார்கள், ஆள் யாரும் வருவதில்லை, வந்து பல மாதம் ஆகிறது என்றானாம்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பூசி மெழுக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னிச்சிடுங்க சார் என்று மட்டும் சொன்னேன்.

"அட விடுங்கம்மா. டாக்டர் இனி படியே ஏறக் கூடாதுன்னுட்டார். அந்த வீட்டுக்கு நான் எங்க திரும்பப் போறேன். ஏழாம் நம்பர் நகர்ந்தா என்ன, நகராட்டா என்ன."

அவர் குரல் அப்போது உடைந்தது. நான் வகுப்பறையின் சுவரில் சாய்ந்துகொண்டேன். சாயக் கூடாது, அளவி கெட்டுவிடும் என்று எல்லாரையும் விரட்டுகிற நான்தான் சாய்ந்தேன். அழுகை வந்தது. அவர் வைத்துவிடப் போகிறார், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இப்போ எங்க இருக்கீங்க?"

ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் என்றேன்.

"அங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை சார்."

"எத்தனை விரிசல்?"

பத்தொன்பது என்றேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது.

"சரி, ஒண்ணுலருந்து சொல்லுங்க. எல்லாரும் வர இருட்டிடும்."